ஜித்தாவிலிருந்து ஹஜருல் அஸ்வத் வரை

ஹஜ், உம்றாப் பயணம் புறப்படுவோருக்கு இப்போது நம் ஊர்கள்தோறும் விளக்க வகுப்புகள் நடைபெறுகின்றன. மண்டபத்தின் நடுவே அட்டையாலான கஃபாவை வைத்து, அதைச் சுற்றிவரச் செய்து தவாஃபைக் கற்பிக்கிறார்கள். இரண்டு நாற்காலிகளை ஸஃபாவாகவும் மர்வாவாகவும் பாவித்து ஸஃயு கற்பிக்கிறார்கள். நல்ல காரியம், எங்கள் மதரஸாவிலும் நடத்துகிறோம். எனினும் இவ்வகுப்புகளில் ஓர் இடைவெளி இருப்பதை இருமுறை அப்புனித மண்ணுக்குச் சென்றுவந்த பிறகு உணர்கிறேன். ஊரில் இஹ்ராம் உடுத்துவதோடு ஒரு பாடம் முடிகிறது. அடுத்த பாடம் நேரே கஃபாவின் முன்னால் தொடங்குகிறது. இடையில் ஜித்தா விமான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஹரம் ஷரீஃபுக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்ச் சாலை இருக்கிறது. அச்சாலையைக் கடக்க ஒன்றரை மணி நேரம் போதும். ஹஜ் காலத்தில் ஒரு முழு இரவும் ஆகலாம். அந்த நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மார்க்கத்தின் பார்வையில் அது வெறும் போக்குவரத்து நேரமன்று. மீகாத் எல்லையில் நிய்யத் செய்து 'லப்பைக்' என்று சொல்லத் தொடங்குகிற உம்றாப் பயணி, தவாஃபின் முதல் அடியை எடுத்துவைக்கும்போது தல்பியாவை நிறுத்திவிடுகிறார். ஹஜ்ஜுக்குச் செல்லும் நம்மவர்களும் பெரும்பாலோர் தமத்துஉ முறையில் முதலில் உம்றாவையே நிறைவேற்றுவதால் அவர்களுக்கும் இதுவே. ஆக, தல்பியாவுக்கு உரிய வேளை முழுவதும் இந்த வழியிலேயே அடங்கிவிடுகிறது. விமானத்தின் இருக்கையிலும், கடவுச்சீட்டுச் சோதனை வரிசையிலும், பெட்டிகள் சுழன்றுவரும் இடத்திலும், பேருந்திலும்தான் அதைச் சொல்லியாக வேண்டும். ஹரமுக்குள் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருப்பவருக்கு அங்கே சொல்ல நேரம் மிகச் சொற்பமே.

மீகாத்திலிருந்தே தொடங்குவோம். என் நன்னா 1960களில் பம்பாயிலிருந்து கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனவர்கள். ஊரிலிருந்து ரயிலில் பம்பாய். அங்கே முஸாஃபிர்கானாவில் காத்திருப்பு. பிறகு நாள்கணக்கில் கடல். செங்கடலில் கப்பல் யலம்லம் எல்லைக்கு நேராக வரும்போது அறிவிப்பார்கள். அதற்குள் குளித்து இஹ்ராம் உடுத்தித் தயாராக இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து ஹாஜிகளை ஏற்றிச்சென்ற கப்பல் போக்குவரத்து 1995ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. 'அக்பரி' என்ற கப்பலின் பயணமே கடைசி. அத்தோடு நம் நாட்டு ஹாஜிமார்களுக்கு யலம்லம் என்பது கிதாபில் படிக்கும் ஒரு பெயராகிவிட்டது.

ஆகாய மார்க்கம் வேறு. சென்னையிலிருந்து போகும் விமானம் பெரும்பாலும் அரபிக் கடலைக் கடந்து, ஓமான் வழியாக அரேபிய நிலத்தின் மீது பறந்து, தாயிஃப் பக்கமாக ஜித்தாவை அணுகுகிறது. அதாவது நஜ்து வாசிகளின் மீகாத்தான கர்னுல் மனாஸில் திசையாக வருகிறது. விமானம் ஓர் எல்லையைக் கடக்கும் நேரம் சில நிமிடங்களே. எனவே புறப்படும் இடத்திலேயே குளித்து இஹ்ராம் துணியை உடுத்திக்கொண்டு, மீகாத் நெருங்குவதாக அறிவிப்பு வரும்போது நிய்யத் செய்து தல்பியாவைத் தொடங்குவது பேணுதலானது. 'ஜித்தாவில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம்' என்று சட்டையும் கால்சட்டையுமாக அமர்ந்திருப்பவர்களை ஒவ்வொரு பயணத்திலும் காண்கிறோம். இஹ்ராம் இன்றி மீகாத்தைக் கடந்துவிட்டால், திரும்பிச் சென்று கட்டிவர வேண்டும். இல்லையேல் குர்பானி கொடுத்து ஈடுசெய்யும்படி ஆகிவிடும். முதலில் மதீனா முனவ்வராவுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் மக்காவுக்குப் புறப்படும்போது மதீனாவை அடுத்துள்ள துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டுவார்கள்.

நிய்யத் செய்த பிறகு விமானத்தில் கவனிக்க வேண்டியவை சிறு விஷயங்கள்தாம். உணவோடு தரப்படும் ஈரக் காகிதத்தில் நறுமணம் இருக்கும். அதனால் முகம் துடைக்கலாகாது. கழிவறையில் உள்ள சோப்பும் அப்படியே. குளிருக்குப் போர்வை தருவார்கள். உடலுக்குப் போர்த்திக்கொள்வதில் குற்றமில்லை, ஆனால் ஆண்கள் தலையை மூடக் கூடாது. நம்மவர்களுக்கோ தலையோடு போர்த்தினால்தான் தூக்கம் வரும்! பக்கத்து இருக்கைக்காரர் விழித்திருந்து இழுத்துவிடுவதும் ஒரு ஸதகாதான்.

சென்னையிலிருந்து சுமார் ஆறு மணி நேரத்தில் ஜித்தா வந்துவிடுகிறது. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் திருப்ப வேண்டும்.

ஜித்தாவின் மன்னர் அப்துல் அஜீஸ் சர்வதேச விமான நிலையம் 1981இல் திறக்கப்பட்டது. அதில் ஹாஜிமார்களுக்கென்றே தனி முனையம் ஒன்று உண்டு. தூரத்திலிருந்து பார்க்கையில் பாலைவனத்தில் ஒரு பெரும் கூட்டம் வெண்ணிறக் கூடாரம் அடித்துத் தங்கியிருப்பது போல் தோன்றும். உண்மையில் அவை கண்ணாடி இழையால் நெய்யப்பட்ட கெட்டித் துணிக் கூரைகள். மொத்தம் 210. ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 45 மீட்டர் கொண்ட சதுரம். எஃகுத் தூண்களிலிருந்து கம்பி வடங்களால் தொங்கவிடப்பட்டிருக்கிறது. சுற்றிலும் சுவர் இல்லை. வெண்துணி வெயிலைத் திருப்பி அனுப்ப, சூடான காற்று மேலெழும்பி நடுத்திறப்பு வழியே வெளியேற, கீழே நிழலும் காற்றோட்டமும் கிடைக்கின்றன. இதன் கட்டுமானப் பொறியியலுக்குப் பொறுப்பேற்றவர் வங்காளத்து முஸ்லிம் பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். 1929இல் பிறந்து, அமெரிக்காவின் சிகாகோ நகரில் அக்காலத்து உலகின் மிக உயரமான கட்டடமான சியர்ஸ் கோபுரத்தைச் சாத்தியமாக்கியவர். 1982இல், ஐம்பத்திரண்டாம் வயதில், இதே ஜித்தா நகரில் காலமானார். அடுத்த ஆண்டு இம்முனையம் ஆகா கான் கட்டடக்கலை விருதைப் பெற்றது. அக்கூரையின் நிழலில் களைப்பாறும் இலட்சக்கணக்கானோரில் அவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. அறிந்தவர்கள் அவருக்காக ஒரு துஆ செய்துவிட்டுப் போகலாம்.

2012இல் நானும் என் மனைவியும் ஹஜ்ஜுக்குச் சென்றபோது அக்கூரையின் கீழ் ஏழு மணி நேரம் இருந்தோம். கடவுச்சீட்டுச் சோதனை, தடுப்பூசிச் சான்று, பெட்டிகளைத் தேடி எடுத்தல், பிறகு முஅல்லிம் வாரியாகப் பேருந்து வரும்வரை காத்திருத்தல். ளுஹர் நேரம் வந்தது. எங்கள் கூட்டத்தில் தஞ்சைப் பக்கத்து ஹனஃபிகளும் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈகளும் கலந்திருந்தோம். ளுஹரைக் கஸ்ராக இரண்டு ரக்அத் தொழுததில் இரு தரப்பாரும் ஒன்றாகவே நின்றோம். ஸலாம் கொடுத்ததும் ஷாஃபிஈ சகோதரர்கள் எழுந்து அஸரையும் சேர்த்துத் தொழலானார்கள். பயணத்தில் அவ்வாறு சேர்த்துத் தொழ அவர்கள் மத்ஹபில் அனுமதி உண்டு. ஹனஃபிகளாகிய எங்களுக்கு அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் அன்றி அப்படி இல்லை. முதன்முறை வந்திருந்த ஒரு பெரியவர் திகைத்து, "என்ன ஹஜ்ரத், இவங்க நேரத்துக்கு முன்னாடியே தொழுறாங்க?" என்று உரக்கக் கேட்க, பதிலுக்கு ஒருவர் சூடாகச் சொல்ல, இஹ்ராம் உடுத்திய இருவர் ஜித்தாவில் இறங்கிய மூன்றாம் மணி நேரத்தில் விவாதத்தில் இறங்கிவிட்டார்கள். ஹஜ்ஜில் வீண் தர்க்கம் கூடாது என்று குர்ஆன் தடுத்திருப்பதை இருவருமே ஊரில் ஓதிவந்தவர்கள்தாம். பசியும் தூக்கமின்மையும் சேரும்போது, கற்றது நாவுக்கு எட்டாமல் போய்விடுகிறது. இதற்கு என்ன வகுப்பு நடத்துவது என்று இன்றும் யோசிக்கிறேன். கைப்பையில் நாலு பேரீச்சம்பழமும் ஒரு பொட்டலம் வறுகடலையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே நான் இப்போது முதலில் சொல்லும் பாடம்.

உம்றாவுக்குச் செல்வோர் பெரும்பாலும் பொது முனையங்களில் இறங்குகிறார்கள். 2023இல் என் தாயாரையும் அழைத்துக்கொண்டு ஒரு சிறு குழுவாகப் போனபோது முதலாம் முனையத்தில் இறங்கினோம். அதை ஒட்டியே ரயில் நிலையம் இருக்கிறது. மக்காவையும் மதீனாவையும் ஜித்தா வழியாக இணைக்கும் ஹரமைன் அதிவேக ரயில் 2018இல் ஓடத் தொடங்கியது. 450 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை; மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம். பெட்டி குறைவாக உள்ள இளையவர்களுக்கு அது அருமையான வசதி. ஆனால் மக்காவின் ரயில் நிலையம் ஹரமை ஒட்டியதன்று. நகரின் ருஸைஃபா பகுதியில், சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே இறங்கி மீண்டும் வண்டி பிடிக்க வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய, முழங்கால் வலியுள்ள ஒரு தாயை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிக் கொண்டுபோவதைவிட, விமான நிலைய வாசலிலிருந்து விடுதி வாசல்வரை ஒரே வண்டியில் போவதே மேல் என்பது என் கருத்து. வாசலில் 'மக்கா, மக்கா' என்று கூவி அழைப்பவர்களின் பின்னால் போகாமல், முறையான வாடகை வண்டியையோ முன்பே ஏற்பாடு செய்த வண்டியையோ எடுங்கள். கூலியை ஏறுமுன் பேசிவிடுங்கள். இறங்கிய பிறகு பேசினால் அது தர்க்கத்தில்தான் முடியும்.

எங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்திருந்த வண்டி மூன்று மணி நேரம் தாமதமாக வந்தது. குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. "இவ்வளவு காசு வாங்கிக்கிட்டு இப்படி நிக்க வைக்கிறாங்களே" என்றார் ஒருவர். வண்டி வந்து, நகரைத் தாண்டி, இருபுறமும் கருத்த பாறைக் குன்றுகள் தொடங்கிய பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

இந்தச் சாலையில் ஒட்டகக் கூட்டங்கள் நடந்த காலம் ஒன்று உண்டு. வெயிலுக்கு அஞ்சி இரவில் நடந்து, பாதி வழியான பஹ்ராவில் பகலைக் கழித்து, அடுத்த இரவில் மக்காவை அடைவார்கள். பஹ்ரா இன்று கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது. அதைக் கடந்து சற்றுத் தொலைவில், ரிஹாலின் மீது விரித்துவைத்த குர்ஆனைப் போன்ற வடிவில், நெடுஞ்சாலையின் குறுக்கே மக்கா நுழைவாயில் எழுந்து நிற்கிறது. அதைக் கண்டதும் வண்டிக்குள் எல்லாரும் கைப்பேசியை எடுத்தார்கள். ஆனால் அதற்கு அருகிலேயே உள்ள இன்னோர் இடத்தை யாரும் கவனிப்பதில்லை. வழிகாட்டிப் பலகைகளில் 'ஷுமைஸி' என்று இருக்கும். அதுதான் ஹுதைபிய்யா.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, கி.பி. 628இல், நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ 1,400 தோழர்களோடு உம்றாவுக்கென இஹ்ராம் கட்டி மதீனாவிலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் இது. இங்கிருந்து கஃபா சுமார் 22 கிலோமீட்டர். ஒரு நாள் நடைகூட இல்லை. பிறந்த ஊர்; ஆறு ஆண்டுகளாகக் காணாத ஊர். குறைஷிகள் வழிமறித்தார்கள். தூதுகள் போயின, வந்தன. கடைசியில், இந்த ஆண்டு திரும்பிச் செல்ல வேண்டும், அடுத்த ஆண்டு வந்து மூன்று நாள் தங்கலாம் என்று உடன்படிக்கை ஆயிற்று. உமர் (ரலி) அவர்களைப் போன்றவர்களுக்கே அதைத் தாங்கிக்கொள்வது கடினமாயிருந்தது. குர்பானியை அறுத்து, தலைமுடி களைந்து, இஹ்ராமிலிருந்து விடுபடுங்கள் என்று பெருமானார் (ஸல்) சொன்னபோது ஒருவரும் எழவில்லை. மும்முறை சொல்லியும் எழவில்லை. கூடாரத்துக்குள் சென்று தம் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் அதைச் சொன்னார்கள். அந்த அம்மையார் கூறிய யோசனை இதுதான்: யாரிடமும் எதுவும் பேசாமல் வெளியே சென்று முதலில் தங்கள் பிராணியை அறுத்துத் தங்கள் முடியைக் களையுங்கள். பெருமானார் (ஸல்) அவ்வாறே செய்தார்கள். அதைப் பார்த்ததும் தோழர்கள் அனைவரும் எழுந்து செய்தார்கள். நம் வீடுகளில் பெண்களின் யோசனை கேட்கப்படுவதில்லை என்று குறைப்படும் சகோதரிகள் இந்த இடத்தைக் கடக்கும்போது தங்கள் வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லலாம்.

மூன்று மணி நேரத் தாமதத்துக்காகப் பேசிக்கொண்டிருந்த வண்டியில் நான் இந்த வரலாற்றைச் சொன்னேன். சொற்பொழிவாக அல்ல; "இடது பக்கம் பாருங்கள்" என்று தொடங்கி மெதுவாகத்தான். பேச்சு நின்றது. சற்று நேரத்தில் பின் இருக்கையிலிருந்து என் தாயாரின் மெல்லிய குரலில் தல்பியா கேட்டது, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மக்காவில் விடுதியை அடைந்ததும் எழும் முதல் கேள்வி: உடனே ஹரமுக்குப் போவதா, ஓய்வெடுத்துப் போவதா? ஆர்வம் உடனே போகச் சொல்லும். ஆனால் கணக்கைப் பாருங்கள். தவாஃப் ஏழு சுற்று. கூட்டத்தில் விளிம்போரம் சுற்றினால் அதுவே பல கிலோமீட்டர் ஆகும். அதன்பின் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு நடை, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். ஓர் இரவு முழுக்க உறங்காத முதியவர்கள் பாதியில் தளர்ந்து, உடன் வந்தவர்கள் பதறி, இபாதத்தின் ஓர்மையே சிதறிப்போவதைக் கண்டிருக்கிறேன். இஹ்ராமோடு சில மணி நேரம் படுத்து எழுவதில் தடை ஏதுமில்லை. சூடாக ஏதேனும் சாப்பிட்டு, உறங்கி, வுளூச் செய்துகொண்டு, இஷாவுக்குப் பின் கூட்டம் சற்றுத் தணியும் பின்னிரவில் போவது நலம். தொழுகை நேரங்களை ஒட்டி ஹரமைச் சுற்றிய சாலைகள் அடைக்கப்படுவதால் தொலைவில் தங்கியிருப்போர் அதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

எங்கள் குழுவில் புதிதாக மணமான ஒரு பெண் இருந்தாள். விடுதியில் இறங்கியதுமே அவளுக்கு மாதவிலக்கு ஏற்பட்டுவிட்டது. இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். எழுதாததால்தான் அந்தப் பிள்ளை, தன் உம்றாவே பாழாகிவிட்டதென்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதது. பாழாகவில்லை. அந்நிலையிலும் இஹ்ராம் கட்டலாம். கட்டிய பின் நேர்ந்தாலும் இஹ்ராம் முறியாது. தவாஃப் மட்டும் கூடாது. தூய்மையாகும்வரை இஹ்ராமிலேயே, அதன் விலக்குகளைப் பேணிக் காத்திருந்து, பின் குளித்துவிட்டு நிறைவேற்ற வேண்டும். தல்பியாவும் திக்ரும் துஆவும் தாராளமாகச் செய்யலாம். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, விடைபெறும் ஹஜ்ஜுக்காக வந்தபோது, மக்காவை நெருங்கிவிட்ட நிலையில் ஸரிஃப் என்ற இடத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு இதே நிலை ஏற்பட்டு அவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். இது ஆதமுடைய பெண்மக்கள் மீது அல்லாஹ் விதித்த ஒன்று என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) ஆறுதல் கூறி, தவாஃப் தவிர மற்றனைத்தையும் செய்யப் பணித்தார்கள். என் தாயார் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து இதைச் சொன்னார்கள். பயணத் தேதி முடிவாகும்போதே பெண்கள் இதைக் கணக்கிட்டு, தேவையானால் மருத்துவரிடம் ஆலோசித்துக்கொள்வதும், ஊர் திரும்பும் நாளுக்கு முன் போதிய அவகாசம் வைப்பதும் நல்லது.

நாங்கள் மற்றவர்கள் அன்று பின்னிரவு இரண்டு மணிக்குப் போனோம். மதாஃபில் தவாஃபைத் தொடங்குமிடம் எது என்பதில் புதியவர்களுக்குத் தடுமாற்றம் வரும். ஹஜருல் அஸ்வத் மூலைக்கு நேராக முன்பு தரையில் ஒரு கோடு இருந்தது. அதன்மேல் நின்று நகராதவர்களால் நெரிசல் கூடியதால் பிற்பாடு அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அம்மூலைக்கு எதிரே, பள்ளியின் பக்கம் உள்ள பச்சை விளக்குதான் அடையாளம். அதற்கு நேராக வந்ததும் கல்லை நோக்கிக் கையுயர்த்தித் தக்பீர் கூறி, கஃபாவை இடப்புறமாக்கி நடக்க வேண்டும். கூட்டத்தை இடித்துக்கொண்டு கல்லை முத்தமிடப் போக வேண்டியதில்லை.

முதல் மூன்று சுற்றுகளில் ஆண்கள் தோளை அசைத்து விரைந்து நடப்பதற்கு ரமல் என்று பெயர். அதன் தொடக்கம் ஹுதைபிய்யாவுக்கு மறு ஆண்டு. உடன்படிக்கைப்படி முஸ்லிம்கள் உம்றாவுக்கு வந்தபோது, மதீனாவின் காய்ச்சல் இவர்களை நலிவாக்கிவிட்டது என்று குறைஷிகள் பேசிக்கொண்டார்கள். நலியவில்லை என்று காட்டவே அவ்வாறு நடக்கும்படி பெருமானார் (ஸல்) ஏவினார்கள். அப்படியானால் ஒவ்வோர் உம்றாப் பயணியும் வைக்கும் முதல் அடிகளில், வழியில் நிறுத்தப்பட்டவர்கள் மறு ஆண்டு வந்து நடந்த நடையே இருக்கிறது. என் பக்கத்தில் தாயார் இருந்ததால் அவர்களது நடைக்கேற்பவே நானும் நடந்தேன்.

ஆறாம் நாள் காலையில் அந்தப் பெண் குளித்துத் தயாரானாள். அவளோடு அவள் கணவரும் என் மனைவியும் போவதாக ஏற்பாடு. என் தாயாரும் முழங்காலில் தைலத்தைத் தடவிக்கொண்டு, "நானும் வர்றேன், அது தனியா எந்த விளக்கைப் பாத்துத் தொடங்கும்?" என்று கிளம்பிவிட்டார்கள்.